1200 மெகா பாஸ்கல் கிரவுன் ஏன் உடைகிறது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 62 வயது. கீழ்த்தாடை முதல் கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் மூன்று வருடத்துக்கு முன்பு இம்ப்ளாண்ட் (எலும்புக்குள் பதிக்கிற டைட்டானியம் வேர்) வைத்து, அதன் மேல் உலோகத்தில் பீங்கான் பூசிய கிரவுன், அதாவது செயற்கைப் பல் தொப்பி, போட்டிருக்கிறார்கள். போன மாதம் அதன் கன்னப் பக்க ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிட்டது. ஒரு டாக்டர் "1200 மெகா பாஸ்கல் ஜிர்கோனியா, யானை ஏறி நின்றாலும் உடையாது, 15 வருட வாரண்டி" என்கிறார் (ஜிர்கோனியா என்பது கெட்டியான ஒரு வகைப் பீங்கான்). இன்னொருவர் "அவ்வளவு கெட்டியானதை வைத்தால் கடிக்கிற அடி முழுக்க எலும்புக்குப் போகும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற ஹைப்ரிட் கிரவுன் வையுங்கள்" என்கிறார். இதில் எது ஸ்ட்ராங் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, இந்த முறை பணம் கட்டினால் இன்னும் மூன்று வருடத்தில் மறுபடி அப்பாவைக் கூட்டிக்கொண்டு அதே நாற்காலிக்குப் போக வேண்டியிருக்குமா என்பதுதான். இந்த இரண்டும் ஒரே கேள்வி இல்லை, அதனால்தான் பதில் நீளமாகப் போகிறது. நான் செயற்கைப் பல் பொருத்தும் பிரிவில் மேற்படிப்பு படித்து, இருபது வருடத்துக்கு மேலாக இதையே செய்கிறேன். பொருளியல் விஞ்ஞானி இல்லை. என் மேசை டிராயரில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய உடைந்த கிரவுன்கள் இருக்கின்றன, எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த டப்பா சொல்லிக்கொடுத்தது.

முதலில் அந்த 1200 மெகா பாஸ்கல், அதாவது உடையும் முன் பொருள் தாங்குகிற அழுத்தத்தின் அளவு. அது பொய்யில்லை, ஆனால் அது உங்கள் அப்பாவின் கிரவுனுடைய எண்ணும் இல்லை. பல் பீங்கான்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ 6872 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி ஒரு சோதனைக்கு 1.2 மில்லிமீட்டர் தடிமனில் வட்டத் தகடு செய்து, வழவழப்பாகப் பாலிஷ் போட்டு, மூன்று எஃகு குண்டுகளின் மேல் உட்கார வைத்து, நடுவில் உடையும் வரை அழுத்துவார்கள். ஒன்று மட்டும் இல்லை, பத்துப் பதினைந்து தகடுகள். எல்லாம் ஒரே கட்டியிலிருந்து வெட்டியதாக இருந்தாலும் ஒன்று 900-ல் போகும், இன்னொன்று 1300 வரை நிற்கும். எஃகில் இவ்வளவு சிதறல் வராது, பீங்கானில் வரும். ஏனென்றால் பீங்கான் உடைவது அதன் சராசரி பலத்தைப் பொறுத்து இல்லை, அதற்குள் இருக்கிற மிக மோசமான ஒற்றைக் குறையைப் பொறுத்து. சங்கிலியின் பலவீனமான கண்ணி மாதிரி. கண்ணாடியில் இதை கிரிஃபித் 1921-லேயே காட்டிவிட்டார். கண்ணாடி வெட்டுகிற கடைக்காரர் வைரமுனையால் மெல்லிசாக ஒரு கோடு கிழித்துவிட்டு கையால் தட்டினால் அது அந்தக் கோட்டிலேயே பிளக்கிறதே, அதுதான் விஷயம். கண்ணாடியின் பலம் மாறவில்லை, விரிசலுக்கு ஒரு வாசல் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் பலத்தோடு சேர்த்து இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: தொடங்கிவிட்ட விரிசலை எவ்வளவு தூரம் மறிக்கிறது என்பது. அதை மெகா பாஸ்கல் ரூட் மீட்டர் என்ற விநோதமான அலகில் சொல்வார்கள், அலகு முக்கியமில்லை, ஒப்பிட்டுப் பாருங்கள். கிரவுனுக்கு மேலே பூசுகிற சாதாரண பீங்கானுக்கு இது சுமார் 1. லித்தியம் டைசிலிகேட் என்கிற கண்ணாடிப் பீங்கானுக்கு 2-லிருந்து 2.5. பழைய வெள்ளை ஜிர்கோனியாவுக்கு 4 முதல் 5. இந்த எண்ணை வைத்து ஒரு மனக்கணக்கு போடலாம். 4.5 உள்ள ஜிர்கோனியா 1000 மெகா பாஸ்கலில் உடைகிறது என்றால், அதற்குள் இருந்த குறை ஏறத்தாழ 12 மைக்ரான், அதாவது தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது இன்னும் குறைவு. அதே கிரவுனில் யாராவது முரட்டு டயமண்ட் பர் (உரசுகிற சுழல் முனை) வைத்து உரசி 100 மைக்ரான் ஆழத்துக்கு ஒரு கூர்மையான விரிசலை உண்டாக்கிவிட்டால் அது தாங்குவது 350 மெகா பாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு. பெட்டியில் 1200 என்றுதான் இன்னமும் அச்சடித்திருக்கும். (இது பாடப்புத்தகச் சூத்திரம். நிஜத்தில் மென்மையான பர், தண்ணீர், லேசான கை என்று உரசினால் ஜிர்கோனியாவின் மேல்தோல் கொஞ்சம் பலமாகக்கூட ஆகும். அது ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.)

ஜிர்கோனியாவின் கதை நன்றாக இருக்கும். 1975-ல் ஆஸ்திரேலியாவில் கார்வியும் அவர் சகாக்களும் "பீங்கான் எஃகா?" என்று தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். விஷயம் இதுதான்: ஜிர்கோனியாவின் துகள்களை அறை வெப்பத்தில் இயல்புக்கு மாறான ஒரு படிக அமைப்பில் பிடித்து வைக்க முடியும். விரிசல் ஒன்று ஓடி வந்து அந்தத் துகளைத் தொட்டால், அது பழைய அமைப்புக்குத் திரும்பி 4-5 சதவீதம் பருத்துவிடும். பருத்த துகள்கள் விரிசலின் வாயை இரண்டு பக்கமும் நெருக்கி மூடுகின்றன. கூட்டமான பஸ்ஸில் நடுவே நுழைய ஒருவன் முண்டும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் மூச்சை இழுத்து நெஞ்சை விரித்தால் எப்படி இருக்கும், அப்படி. பல் பொருட்களில் வேறு எதுவும் இதைச் செய்வதில்லை. அப்படித் துகள்களைப் பிடித்து வைக்க யிட்ரியா (யிட்ரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு) சேர்க்கிறார்கள். 3 மோல் சதவீதம் சேர்த்தால் அதன் பெயர் 3ஒய்.

இங்கேதான் விளம்பரத்தில் ஒரு சின்ன வித்தை நடக்கிறது. 3ஒய் பலமானது, ஆனால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, வெளிச்சம் ஊடுருவாது. நோயாளிகளுக்கு இயற்கைப் பல் மாதிரி வேண்டும். அதற்காக யிட்ரியாவைக் கூட்டி 4ஒய், 5ஒய் என்று கொண்டுவந்தார்கள். பளபளவென்று அழகாக இருக்கும். ஆனால் யிட்ரியா கூடக்கூட துகள்களில் பெரும்பங்கு பருக்கவே பருக்காத வேறொரு அமைப்புக்குப் போய்விடுகிறது. அப்போது அந்த நெஞ்சை விரிக்கிற வேலை நடக்காது. 5ஒய் ஜிர்கோனியாவின் பலம் 500-700 அளவில்தான், விரிசலை மறிக்கும் திறனும் சுமார் 2.5 தான், அதாவது லித்தியம் டைசிலிகேட்டுக்குப் பக்கத்து வீடு. பெயர் மட்டும் ஜிர்கோனியா. அதனால் டாக்டர் 1200 என்று சொன்னால், "எத்தனை ஒய் போடப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒரே கட்டியில் மேலே 5ஒய், கீழே 3ஒய் அல்லது 4ஒய் என்று அடுக்கடுக்காக வருவதும் உண்டு. அதில் பெட்டியில் எழுதுவது பெரும்பாலும் பலமான அடுக்கின் எண்ணைத்தான், கடிக்கிற மேற்பரப்பு இருப்பதோ மேலே உள்ள அடுக்கில். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று யோசிக்காதீர்கள். கிரவுன் செய்கிற லேபுக்கு எழுதுகிற சீட்டில் நாங்கள் எழுதியே ஆக வேண்டிய விஷயம் அது.

3ஒய்க்கும் ஒரு பழைய கறை உண்டு. அதே துகள்கள் ஈரத்தில் வருடக்கணக்கில் இருந்தால் விரிசல் வராமலே தானாகப் பருத்து, மேல்தோல் உதிர ஆரம்பிக்கலாம். 2001-ல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் செய்த இடுப்பு மூட்டு ஜிர்கோனியா பந்துகள் நூற்றுக்கணக்கில் நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே உடைந்து, விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சூளையில் சுடும் முறையை மாற்றியதுதான் மூலகாரணம். வாய்க்குள் அப்படி ஒரு அலை இதுவரை வந்ததில்லை. ஆனாலும் சூளையில் அவசரப்படுகிற லேபைக் கண்டால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

சரி, இம்ப்ளாண்ட் மேல் வைக்கிற கிரவுனுக்கும் சொந்தப் பல் மேல் வைக்கிற கிரவுனுக்கும் என்ன வித்தியாசம்? இதில் சந்தேகமே கிடையாது, நன்றாக அளந்த விஷயம். சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. கடித்தால் பல் 25 முதல் 100 மைக்ரான் வரை கீழே அமுங்கும். இம்ப்ளாண்ட் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதால் அமுங்குவது 3 முதல் 5 மைக்ரான் மட்டுமே. அதைவிட முக்கியம், அந்த நாரில்தான் தொடு உணர்ச்சி நரம்புகள் இருக்கின்றன. சோற்றில் ஒரு சின்னக் கல் கடிபட்டால் சட்டென்று தாடை நின்றுவிடுகிறதே, அது அந்த நார் செய்கிற வேலை. இம்ப்ளாண்டில் எதையாவது உணர, பல்லில் தேவைப்படுவதைவிட எட்டு ஒன்பது மடங்கு அழுத்தம் வேண்டும் என்று அளந்திருக்கிறார்கள். ஆக நோயாளிக்குத் தெரியாமலே அந்த இடத்தில் அதிகமாகக் கடிப்பார். பீங்கான் உடைகிற வரை அவருக்குச் சொல்ல ஆளில்லை.

அதோடு வடிவமும் ஒரு பிரச்சினை. கீழ்க் கடைவாய் முதல் பல் முன்னும் பின்னுமாக சுமார் 11 மில்லிமீட்டர் நீளம், கீழே இரண்டு வேர்கள் அகலமாகக் கால் பரப்பி நிற்கும். அதே அளவு கிரவுனை இப்போது 4 அல்லது 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒற்றை டைட்டானியம் தூணில் நிறுத்துகிறோம். குடைக் காளான் மாதிரி. விளிம்பில் கடித்தால் அது நெம்புகோலாகிவிடுகிறது. இதற்கு நடுவில் ஸ்க்ரூ முடுக்க கிரவுனின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு துளை வேறு. பீங்கானில் துளை போட்டால் அதன் ஓரத்தில் இழுவிசை குவியும், சுவரின் தடிமனும் குறையும். தடிமன் பற்றி ஒன்று சொல்கிறேன்: தகடு போல வளையும்போது தாங்கும் பளு தடிமனின் வர்க்கத்தோடு போகிறது. 1.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1 மில்லிமீட்டர் இருந்தால் பலம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று நினைப்பீர்கள். இல்லை, பாதிக்கும் கீழே, 44 சதவீதத்துக்கு வந்துவிடும். 1200-ஐயும் 600-ஐயும் வைத்துச் சண்டை போடுகிறோம், லேபில் அரை மில்லிமீட்டர் கூடுதலாகச் செதுக்கினால் அந்த வித்தியாசம் முழுக்கப் போய்விடும்.

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். முழு ஜிர்கோனியா, 3ஒய், கீழ்க் கடைவாய், ஸ்க்ரூ வகை. பதினான்கு மாதத்தில் துளையின் வழியாகச் சரியாக இரண்டாகப் பிளந்து வந்தது. உடைந்த முகத்தை லென்ஸுக்குக் கீழே வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பனையோலை விசிறியின் மடிப்புகள் மாதிரி மெல்லிய வரிகள் தெரியும். அந்த வரிகள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி விரிந்திருக்கும். எதிர் முனையில் ஓரம் உதடு போல லேசாக வளைந்திருக்கும், அது விரிசல் கடைசியாகப் போய் முடிந்த இடம். வரிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கடிக்கிற பக்கத்துக்குப் போகவில்லை. உள்ளே, டைட்டானியம் பேஸ் (கிரவுனை இம்ப்ளாண்டோடு இணைக்கிற உலோகத் துண்டு) உட்கார்கிற சுவரில் போய் நின்றன, அங்கே பர் உரசிய தடம். அன்று கிரவுன் கால் மில்லிமீட்டர் உட்காராமல் அடம் பிடித்தது, நோயாளிக்குப் பஸ் நேரம் ஆகிக்கொண்டிருந்தது, தண்ணீர்கூட விடாமல் உள்ளே கொஞ்சம் உரசி உட்கார வைத்தேன். உரசியது நான்தான். மறுபடி ஸ்கேன் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நோயாளியின் மனைவி அன்று என்னிடம் "நல்ல மெட்டீரியல் போடலையா டாக்டர்?" என்று கேட்டார். இருந்ததிலேயே நல்ல மெட்டீரியல் அதுதான்.

நான் பார்த்த ஒன்றிலிருந்து பொதுவிதி எழுதக்கூடாது என்பது சரிதான். ஆனால் உடைந்த கிரவுன்களை இப்படி முறையாகப் படித்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: முழுதாகப் பிளக்கிற பீங்கான் கிரவுன்கள் பெரும்பாலும் மேலே கடிபடுகிற இடத்தில் தொடங்குவதில்லை, உட்புறச் சுவரிலோ அடி விளிம்பிலோதான் தொடங்குகின்றன. ஆனால் ஆய்வுக்கூடத்தில் எஃகு குண்டை வைத்து ஒரே அழுத்தாக நொறுக்கும் சோதனையில் சேதம் மேலே குண்டு பட்ட இடத்தில் தொடங்கும். ராபர்ட் கெல்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1999-லேயே இதைச் சுட்டிக்காட்டி, அந்தச் சோதனை வாய்க்குள் நடப்பதைக் காட்டாது என்றார். "2000 நியூட்டனுக்கு மேல் தாங்கியது" என்று வருகிற கட்டுரைகளை நான் ஒதுக்கி வைப்பது அதனால்தான். கடைவாயில் மனிதர் முழு பலத்தோடு கடிப்பது 500-லிருந்து 800 நியூட்டன், சாதாரணமாக மெல்லும்போது அதில் ஒரு பகுதிதான். எண்ணைப் பார்த்தால் எதுவும் உடையவே கூடாது. உடைவது ஒரே அடியில் இல்லை, லட்சக்கணக்கான சின்னக் கடிகளில், எச்சில் ஈரத்தில், விரிசல் நாளுக்கு ஒரு துளி என்று நகர்ந்து நகர்ந்து. கண்ணாடி கலந்த பீங்கான்களில் தண்ணீரே விரிசலின் நுனியில் போய்ப் பிணைப்புகளை அறுக்கிறது. "முறுக்கு சாப்பிட்டேன் டாக்டர், ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் இட்லி சாப்பிடும்போது பெயர்ந்துவிட்டது" என்று சொல்கிறவர்களை நம்புங்கள். இட்லி பாவம், கடைசி ஆள்.

இப்போது அப்பாவின் பழைய கிரவுனுக்கு வருவோம். அது முழுதாக உடையவில்லை, மேல் பூச்சு பெயர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பூசிய பீங்கானின் பலம் 100 மெகா பாஸ்கலைச் சுற்றித்தான். அதைக் காப்பாற்றுவது இரண்டு விஷயம். ஒன்று, சூளையிலிருந்து ஆறும்போது உலோகம் பீங்கானைவிடக் கொஞ்சம் அதிகம் சுருங்கி அதை இறுக்கிப் பிடிப்பது. அந்த இறுக்கம்தான் கவசம். இரண்டு, கீழே உலோகம் பல்லின் மேடு பள்ளத்தைப் பின்பற்றி உயர்ந்து நின்று பூச்சுக்குத் தோள் கொடுப்பது. இம்ப்ளாண்டில் இந்த இரண்டாவதுதான் அடிக்கடி தவறுகிறது. கம்ப்யூட்டரில் சின்ன உலோகத் தொப்பியாக வரைந்துவிட்டு, மீதி மூன்று மில்லிமீட்டரையும் பீங்கானாலேயே கட்டிவிடுவார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆதாரமில்லாமல் நிற்கிற பீங்கான் என்றைக்கு இருந்தாலும் பெயரும். பெயர்ந்த இடத்தில் உலோகம் தெரிகிறதா, அல்லது அங்கேயும் பீங்கான்தான் தெரிகிறதா என்று பாருங்கள். பீங்கான் தடியாகத் தெரிந்தால் எனக்கு முதல் சந்தேகம் வடிவமைப்பின் மேல்தான் வரும்.

இதே வேலையை உள்ளே ஜிர்கோனியா, மேலே பீங்கான் பூச்சு என்று செய்த காலம் ஒன்று இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. ஜிர்கோனியா வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால், சூளையிலிருந்து வேகமாக எடுத்தால் வெளியே ஆறி உள்ளே சூடாக இருந்து பூச்சுக்குள் இழுவிசை பதுங்கிக்கொள்ளும், அப்புறம் சில்லு சில்லாகப் போகும். மெதுவாக ஆறவைக்கக் கற்றுக்கொண்ட பிறகு குறைந்தது. 2018-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு ஒற்றை இம்ப்ளாண்ட் கிரவுன்களை ஒப்பிட்டது. ஐந்து வருடம் கழித்து உலோகப் பீங்கான் 98.3 சதவீதமும் ஜிர்கோனியா 97.6 சதவீதமும் வாயில் நின்றன. பூச்சு பெயர்ந்தது 2.9, 2.8 என்று ஏறக்குறைய சமம். ஆனால் பொருளே உடைந்து தூக்கிப் போட வேண்டி வந்தது உலோகப் பீங்கானில் 0.2 சதவீதம், ஜிர்கோனியாவில் 2.1. பலத்தில் பத்து மடங்கு எண்ணைக் காட்டுகிற பொருள் இந்தக் கணக்கில் பின்னால் நிற்கிறது பாருங்கள். உலோகம் வளையும், பிளக்காது. பீங்கானுக்கு வளையத் தெரியாது. ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வில் இருந்த ஜிர்கோனியாவில் பெரும்பகுதி பூச்சு வகை. இப்போது உங்களுக்குச் சொல்லியிருப்பது அநேகமாகப் பூச்சே இல்லாமல் முழுக் கட்டியிலிருந்து செதுக்குவது. அதில் பெயர்வதற்குப் பூச்சு இல்லை என்பதால் சில்லு பிரச்சினை ஏறக்குறைய ஒழிந்துவிடுகிறது. இதுவரை வந்த சில வருடக் கணக்குகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் உலோகப் பீங்கானுக்கு இருப்பது போன்ற நாற்பது ஐம்பது வருட அனுபவம் அதற்கு இல்லை. 15 வருட வாரண்டி கார்டு கொடுக்கிறார்கள் என்பதற்கு, அது 15 வருடம் பார்த்த பிறகு கொடுத்த கார்டு என்று அர்த்தம் இல்லை. கார்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் புதுக் கிரவுனை மட்டும் தருவார்கள், டாக்டர் கட்டணம், ஸ்க்ரூ, பேஸ் எல்லாம் உங்கள் தலையில்.

இரண்டாவது டாக்டர் சொன்ன அதிர்ச்சி தாங்கும் விஷயம். இதில் பாதி இயற்பியல், பாதி ஆசை. ஹைப்ரிட் என்பது பிசினும் பீங்கானும் கலந்தது, ஜிர்கோனியாவைவிடப் பல மடங்கு நெகிழும். ஜிர்கோனியாவின் விறைப்பு 210 கிகா பாஸ்கல் என்றால் இவை 10-லிருந்து 30 வரை. திடீரென்று ஒரு கல் கடிபடுகிற மாதிரி அடியில் நெகிழும் பொருள் உச்ச விசையைக் குறைக்கும், ஆய்வுக்கூடத்தில் அதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நாம் மெல்லுவதும் இரவில் பல்லை நெறிப்பதும் சுத்தியல் அடி இல்லை, அழுத்திப் பிடிப்பது. 60 கிலோவை மெதுவாக வைத்தால் மேலே இருப்பது பஞ்சானாலும் இரும்பானாலும் கீழே இறங்குவது அதே 60 கிலோதான். ஜிர்கோனியா வைத்ததால் இம்ப்ளாண்டைச் சுற்றி எலும்பு கரைந்தது என்று நோயாளிகளிடம் உறுதியாகக் காட்டிய ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. எலும்பு கரைவதற்குப் பெரிய காரணங்கள் அழுக்கு, புகை, சர்க்கரை, ஈறுக்குள் மிச்சமான சிமென்ட். நெகிழ்வதற்கு ஒரு விலையும் உண்டு: கிரவுன் நெகிழும்போது ஒட்டிய இடத்தில் பிய்க்கிற விசை ஏறும். 3எம் நிறுவனம் லாவா அல்டிமேட் என்ற அப்படிப்பட்ட பொருளைக் கிரவுனுக்குப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரையை 2015-ல் தானாகவே திரும்பப் பெற்றது. உடைந்ததற்காக இல்லை, எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கழன்று வந்ததற்காக. எல்லா ஹைப்ரிடும் ஒன்றில்லை, தேய்ந்தால் வாயிலேயே பூசிச் சரிசெய்யலாம் என்ற வசதியும் உண்டு. ஆனாலும் 62 வயதுக்காரரின் கடைவாய்க்கு நிரந்தரமாக அதை வைக்க எனக்கு மனசு வராது. சில மாதங்களுக்குத் தற்காலிகமாக என்றால் சரி.

லித்தியம் டைசிலிகேட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள், அதனால் ஒரு வரி: 400-500 மெகா பாஸ்கல், அழகு, முன்பல்லுக்கும் சிறு கடைவாய்ப் பல்லுக்கும் நல்லது, பெரிய கடைவாயில் இம்ப்ளாண்ட் மேல் துளையோடு என்றால் நான் தயங்குவேன்.

இவ்வளவு சொன்ன பிறகு என் தனிப்பட்ட கருத்து ஒன்று. இதை எல்லா டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உடையவே கூடாத கிரவுனைத் தேடாதீர்கள். உடைந்தால் எது முதலில் உடைய வேண்டும் என்று யோசியுங்கள். கடிக்கிற விசை எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பூச்சு பெயர்ந்தால் ஒரு மணி நேர வேலை. கிரவுன் பிளந்தால் லேப் செலவு, இரண்டு வாரம். ஸ்க்ரூ தளர்ந்தால் முடுக்கிவிடலாம், உள்ளேயே ஒடிந்தால் எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். இம்ப்ளாண்டே விரிசல் விட்டால் எலும்பைக் குடைந்து எடுத்து முதலிலிருந்து. அதனால் என் கையில் இருந்தால் அப்பாவுக்கு ஸ்க்ரூவில் கழற்றக்கூடிய கிரவுன்தான், சிமென்டில் ஒட்டுவது இல்லை. பொருள் 3ஒய் அல்லது 4ஒய் முழு ஜிர்கோனியா, டைட்டானியம் பேஸின் மேல். ஜிர்கோனியாவையே நேராக இம்ப்ளாண்டுக்குள் இறக்குவது கூடாது, அங்கே சுவர் ரொம்ப மெல்லிசு. அல்லது, உலோகம் சரியாகத் தோள் கொடுக்கிற மாதிரி வடிவமைத்த உலோகப் பீங்கான், அதுவும் கௌரவமான தேர்வுதான், பழசு என்று ஒதுக்க வேண்டியதில்லை. கிரவுனைக் கொஞ்சம் ஒடுக்கமாகவும் மேடுகளைத் தணிவாகவும் செய்யச் சொல்வேன். வைத்த அன்று லேசாகக் கடித்தால் பக்கத்துப் பற்கள் மட்டும் படவேண்டும், அழுத்திக் கடித்தால்தான் இம்ப்ளாண்ட் பட ஆரம்பிக்க வேண்டும்; 8 மைக்ரான் தகட்டை நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்போம், லேசான கடியில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். உயரம் குறைக்க உரசினால் தண்ணீரோடு மென்மையான பர், பிறகு ரப்பர் வைத்துக் கண்ணாடி மாதிரி பாலிஷ். பாலிஷ் போட்ட ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அவ்வளவாகத் தேய்க்காது, உரசி அப்படியே விட்டதுதான் அரம் மாதிரி தேய்க்கும்.

அப்பாவின் வாயைப் பார்க்காமல் எனக்குச் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது, அது இந்த எல்லாவற்றையும்விடப் பெரியது: இரவில் பல் நெறிப்பாரா? அம்மாவிடம் கேளுங்கள், அப்பாவிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். மற்ற பற்களின் மேடுகள் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா, காலையில் தாடை கனக்கிறதா, பாக்கு மெல்லும் பழக்கம், நல்லி எலும்பை அந்தப் பக்கமாக வைத்து உடைக்கும் பழக்கம் உண்டா என்றும் பாருங்கள். நெறிப்பவர் என்றால் எந்தக் கிரவுன் வைத்தாலும் இரவில் பல்லின் மேல் போடுகிற பாதுகாப்பு உறையும் (night guard) சேர்ந்தே வரவேண்டும். அது இல்லாமல் பொருளை மட்டும் மாற்றினால் உடைகிற இடம்தான் மாறும்.

பெயர்ந்த சில்லை அப்பா துப்பிவிட்டாரா, எடுத்து வைத்திருக்கிறாரா? இருந்தால் துடைத்துச் சுரண்டாமல் ஒரு சின்ன டப்பியில் போட்டு, புதிதாகச் செய்யப்போகிற டாக்டரிடம் கொடுங்கள். பழைய கிரவுனைக் கழற்றினால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்து உடைந்த முகத்தைப் படம் எடுத்து இங்கே போட்டால், வரிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.